மகள் வர மறுக்கிறாள், மனுப் போடலாமா?

கேள்வி:

எனக்கு வயது 39. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. இரண்டு வருடங்களாகப் பிள்ளைகளுடன் தஞ்சாவூரில் தன் பெற்றோர் வீட்டில் இருக்கிறார். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6 வயது. விவாகரத்து வழக்கு நடக்கிறது. மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை பிள்ளைகளை நான் அழைத்துச் செல்லலாம் என்று இடைக்கால உத்தரவு இருக்கிறது. அண்மையில் இரண்டு முறை, ஒன்றுக்குக் காய்ச்சல் என்றும் மற்றொன்றுக்குப் பாட்டு வகுப்பு என்றும் சொல்லி அனுப்பவில்லை. போன தடவை மகளே வாசலில் நின்று "நான் வரலைப்பா" என்று சொல்லிவிட்டாள். சொல்லிக் கொடுத்துத்தான் அப்படிப் பேசுகிறாள். அங்கே என்ன நடக்கிறது, யார் வந்து போகிறார்கள் என்று அவளிடம் சாதாரணமாகத்தான் விசாரிப்பேன். இப்போது அதற்கும் பதில் இல்லை. நான் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளை மனைவி படிக்கிறார், பதில் போடுவதில்லை, சிலவற்றை இணைத்திருக்கிறேன். பிள்ளைகளை அனுப்பாததால் இந்தப் பருவத்துக்கான பள்ளிக் கட்டணத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். வைகாசியில் எங்கள் குலதெய்வக் கோயிலில் மகனுக்குக் காது குத்த வேண்டும் என்று என் அம்மா பிடிவாதமாக இருக்கிறார். தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று அவர்கள் கேட்கிறார்கள். நான் ஒருநாளும் கை நீட்டியதில்லை. ஒருமுறை கோபத்தில் செல்போனைச் சுவரில் எறிந்ததைப் பெரிய கொடுமையாக எழுதியிருக்கிறார்கள். உத்தரவை மீறியதற்கு மனுப் போடலாம் என்கிறார் வக்கீல். விவாகரத்து நேரத்தில் வழிகாட்டும் "டைவர்ஸ் கோச்" ஒருவரைப் பார் என்கிறான் நண்பன். அவர் கேட்கும் தொகை பெரியது. தூக்கமும் சரியாக இல்லை. நான் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்:

அன்புள்ள ஐயா,

மற்ற எதையும் பேசுவதற்கு முன், நிறுத்தி வைத்திருக்கும் பள்ளிக் கட்டணத்தை இந்த வாரமே கட்டிவிடுங்கள். பிள்ளைகளைப் பார்ப்பதும் அவர்களுக்குச் செலவு செய்வதும் ஒன்றுக்கு ஒன்று ஈடாகக் கொடுத்து வாங்கும் காரியங்கள் அல்ல. மனைவி அனுப்பாததால் நான் கட்டவில்லை என்று நீங்கள் சொன்னால், அவர் கட்டாததால்தான் நாங்கள் அனுப்பவில்லை என்று அடுத்த வாய்தாவில் அவர் தரப்பு சொல்லும். இரண்டில் எது முதலில் நடந்தது என்று ஆராய்ந்துகொண்டிருக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. கட்டணம் உங்கள் சம்பளத்துக்கு மீறியதாக இருந்தால் அதைச் சொல்வதற்கும் உரிய இடம் நீதிமன்றமே. 2020-ஆம் ஆண்டு ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி, ஜீவனாம்சம் கேட்கப்படும் வழக்குகளில் கணவன், மனைவி இருவருமே தங்கள் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், யாரால் எவ்வளவு முடியும் என்பது அங்கே கணக்காகவே வெளிப்படும். அதுவரை, பாக்கி என்ற சொல் கடைசியாகப் போய் விழும் இடம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மகளின் காது என்பதை நினைத்துக்கொண்டு, பணத்தை நேரடியாகப் பள்ளிக் கணக்கில் செலுத்தி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு "கட்டிவிட்டேன்" என்ற ஒரு வரி போதும்.

அடுத்து, வக்கீல் சொல்லும் மனு. நான் குடும்பநல ஆலோசகர்; சட்டத்தில் இறுதி யோசனை சொல்ல வேண்டியவர் உங்கள் வக்கீல்தான். நீதிமன்ற உத்தரவு நிறைவேற்றப்படாவிட்டால் அதை நிறைவேற்றித் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் தவறிய இரண்டு ஞாயிறுகளுக்காக மனைவியைத் தண்டிக்கக் கேட்கும் மனு ஒன்று. இனிவரும் ஞாயிறுகளுக்கு ஒழுங்கு கேட்கும் மனு வேறொன்று. முதலாவதற்கு எதிர்மனு கட்டாயம் வரும். அதில் காய்ச்சலுக்கு மருந்துச் சீட்டும் பாட்டு வகுப்புக்கு ஆசிரியரின் கடிதமும் இணைக்கப்படும், "வரலைப்பா" என்று சொன்ன மகள் அதற்குள் சாட்சியாக நிற்க நேரும். குழந்தை தன் விருப்பத்தை அறிந்து சொல்லும் வயதில் இருந்தால் அந்த விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டமே சொல்கிறது. 10 வயதுப் பெண்ணை நீதிபதி தம் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவது அபூர்வமான காரியம் அல்ல. அப்பா அம்மா இருவரில் ஒருவரைத் தன் வாயால் தள்ளிவைத்துவிட்டோம் என்ற பாரத்துடன் அந்த அறையிலிருந்து வெளியே வரும் பிள்ளைகளைப் பார்த்திருப்பதால், அந்த நிலைக்கு வழக்கைத் தள்ளாதிருக்க முடிந்தால் தள்ளாதீர்கள் என்கிறேன்.

இரண்டாவது வகை மனுவில் கேட்க நிறைய இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி பிள்ளைகள் பற்றிய இடைக்கால உத்தரவுகளை நீதிமன்றம் தேவைக்கேற்ப மாற்றலாம். தீர்ப்புக்குப் பிறகும் மாற்றலாம். ஒரு ஞாயிறு தவறினால் அதற்கு ஈடாக எந்த நாள், பிள்ளைக்கு உடல்நலமில்லை என்றால் எத்தனை மணிக்குள் தெரிவிக்க வேண்டும், முழு ஆண்டு விடுமுறையில் எத்தனை நாட்கள், பொங்கலும் தீபாவளியும் எந்த வருடம் யாரிடம், பிள்ளைகளை எங்கே வைத்து ஒப்படைப்பது என்பவற்றை எல்லாம் அதில் எழுதிக் கேட்கலாம். முக்கியமாகத் தொலைபேசியைக் கேளுங்கள். பிள்ளைகள் யாரிடம் இல்லையோ அந்தப் பெற்றோர், வேறு விசேஷக் காரணம் இல்லாதவரை, நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் பிள்ளையுடன் பேசும் உரிமை பெற்றிருக்க வேண்டும் என்றும், காணொலி அழைப்பு அதற்கு நல்ல வழி என்றும் உச்ச நீதிமன்றம் 2020-இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. மாதத்துக்கு இரண்டு ஞாயிறுகளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கு அப்பாவாக இருப்பது கடினம். நாள்தோறும் ஐந்து நிமிடம் இருந்தால் கணக்கில் என்ன தவறு செய்தாள், தோழி ஏன் பேசவில்லை என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியவரும்.

இவற்றை மனுவாகப் போடுவதற்கு முன் சமரச மையத்தில் பேசிப் பார்க்கலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள். சமரசத்துக்கு முயல்வது 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடும்ப நீதிமன்றத்தின் கடமை. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவிலேயே முதலில், 2005-இல், தொடங்கப்பட்டது சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். இன்று மாவட்டங்களிலும் மையங்கள் உண்டு. சமரசம் என்றவுடன் "சேர்த்து வைத்துவிடுவார்கள்" என்று பயப்படுபவர்களும் "இனி பேசி என்ன" என்று ஒதுங்குபவர்களும் சம அளவில் இருக்கிறார்கள். பிரிவது முடிவான பிறகும், பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுவதற்கு அந்த மேசையைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உளவியல் அறிஞர் ராபர்ட் எமரி, பிள்ளைகளுக்காக வழக்காட வந்த குடும்பங்களில் ஒரு பகுதியைச் சமரசத்துக்கும் இன்னொரு பகுதியை வழக்குக்கும் குலுக்கல் முறையில் பிரித்து அனுப்பி, 12 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். சமரசத்துக்குப் போன குடும்பங்களில், பிள்ளைகளைப் பிரிந்து வாழ்ந்த பெற்றோர் பிள்ளைகளோடு அதிகத் தொடர்பில் இருந்தார்கள். அப்படிப் பிரிந்து வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் அப்பாக்கள். சில மணி நேரப் பேச்சு அவ்வளவு காலம் கழித்தும் விளைவைக் காட்டியது என்பதால்தான் உங்களைப் போன்ற அப்பாக்களிடம் இந்த ஆய்வைத் தவறாமல் சொல்கிறேன்.

இனி மகள். உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் இது.

சொல்லிக் கொடுத்துத்தான் பேசுகிறாள் என்று உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி நடப்பதில்லை என்று நான் சொல்லமாட்டேன், நடக்கும் வீடுகள் உண்டு. ஒரு பெற்றோர் பிள்ளையின் மனத்தை மற்றவருக்கு எதிராகத் திருப்புவதன் தீங்கைப் பற்றி உச்ச நீதிமன்றமே 2017-இல் ஒரு தீர்ப்பில் விரிவாகப் பேசியது. ஆனால் அதே நீதிமன்றம் 2024-இல் வேறொரு வழக்கில், குறிப்பிட்ட நடத்தை இன்னது என்று காட்டப்படாமல் ஒரு பெற்றோர்மீது அந்த முத்திரையை அவசரப்பட்டுக் குத்தக்கூடாது என்றும் எச்சரித்தது. உங்கள் கடிதத்தில் முத்திரை இருக்கிறது. நடத்தை எதுவும் இல்லை. அதே கடிதத்தில், மகள் வர மறுப்பதற்கு வேறு காரணங்கள் என் கண்ணில் படுகின்றன.

திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் இடையே 50 கிலோமீட்டருக்கு மேல். 10 மணிக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினால் உங்கள் வீட்டுக்கு வர 11.30 ஆகும், 5 மணிக்குள் கொண்டுபோய்விட வேண்டும் என்றால் 3.30-க்குப் புறப்பட வேண்டும். நடுவில் இருக்கும் நான்கு மணி நேரத்தில் பாட்டி கண்ணீர், சாப்பாடு, உறவினர் வருகை, கொஞ்சம் தொலைக்காட்சி. ஞாயிற்றுக்கிழமையின் பாட்டு வகுப்பும் தோழியின் பிறந்தநாளும் போய்விடுகின்றன. இதற்கு மேல், "அங்கே யார் வந்தார்கள்" என்ற விசாரணை. உங்களுக்கு அது சாதாரணக் கேள்வி. அவளுக்கு அது, பதில் சொன்னால் அம்மாவைக் காட்டிக் கொடுத்ததாகவும் சொல்லாவிட்டால் அப்பாவிடம் மறைத்ததாகவும் ஆகும் கேள்வி. திரும்பிப் போன பிறகு அங்கேயும் இதே கேள்வி மறுபக்கமிருந்து கேட்கப்படலாம். இரண்டு பக்கமும் பதில் சொல்லிச் சலித்த பிள்ளை, கேள்வியே வராத வழியைத் தேடிக்கொள்கிறது, அவ்வளவுதான். "வரலைப்பா" என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு அவளுக்கு இருந்தது என்பதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். அப்பாவிடம் மறுத்துப் பேசினால் ஒன்றும் ஆகிவிடாது என்ற நம்பிக்கை இன்னும் அவளிடம் மிச்சம் இருக்கிறது.

ஆகவே அடுத்த சந்திப்புகளில் சிலவற்றை மாற்றிப் பாருங்கள். இரண்டு ஞாயிறுகளில் ஒன்றைத் தஞ்சாவூரிலேயே கழியுங்கள். பாட்டு வகுப்பைச் சாக்கு என்று எண்ணாமல், நீங்களே அழைத்துப் போய் விட்டுவிட்டு, முடியும்வரை தம்பியோடு வெளியே காத்திருங்கள். பெரிய கோயில் புல்வெளியோ சிவகங்கைப் பூங்காவோ போதும். பிள்ளைகளுக்குச் செலவு தேவையில்லை, அவசரமில்லாத அப்பா தேவை. இன்னொரு ஞாயிறு திருச்சிக்கு அழைத்து வாருங்கள், பாட்டியும் பார்க்கட்டும். அம்மா வீட்டைப் பற்றிய கேள்வி எதையும் கேட்காதீர்கள். "அம்மா நல்லா இருக்காங்களா" என்பதைக்கூடக் கொஞ்ச காலம் விட்டுவிடுங்கள். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொண்டு, வழக்குக்கு உதவுமா என்று மனத்தில் குறித்து வைக்காமல் விடுங்கள். இது சொல்வதற்கு எளிது, வழக்கு நடக்கும்போது செய்வதற்குக் கடினம் என்பது எனக்குத் தெரியும்.

மறுபடியும் வர மறுத்தால் வாசலில் வாதாடாதீர்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். "அப்பா மேல பாசம் இல்லையா" என்று கேட்காதீர்கள். செல்போனில் அதைப் படம் பிடிக்கவும் வேண்டாம். "சரிம்மா. தம்பியைக் கூட்டிட்டுப் போறேன். பதினோரு மணிவரைக்கும் பக்கத்துலதான் இருப்போம், மனசு மாறினா போன் பண்ணு. இல்லன்னா அடுத்த தடவை பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே இருங்கள். தேதியையும் நேரத்தையும் நடந்ததையும் ஒரு நோட்டில் இரண்டு வரியில் எழுதி வையுங்கள். பின்னால் நீதிமன்றம் கேட்டால், அடைமொழி இல்லாத அந்த இரண்டு வரிகளுக்கு மதிப்பு உண்டு.

6 வயதுப் பையனுக்கு வேறு கவலை இருக்கும். "அம்மா எப்ப நம்ம வீட்டுக்கு வருவாங்க" என்று கேட்டால், "அம்மாவும் அப்பாவும் இனிமே ஒரே வீட்டுல இருக்க மாட்டோம். இது பெரியவங்க நாங்க எடுத்த முடிவு, நீ பண்ணின எதனாலயும் இல்ல. உனக்கு ரெண்டு பேரும் எப்பவும் உண்டு" என்று சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது, ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அதே சொற்களில் சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் இணைத்திருந்த வாட்ஸ்அப் செய்திகளுக்கு வருகிறேன். மூன்றில் நீளமானது இரவு 11.40-க்கு அனுப்பப்பட்டிருக்கிறது. உங்கள் தங்கையின் கல்யாணத்தில் நடந்தது, மாமனார் பேசிய பேச்சு, நகைக் கணக்கு, நீங்கள் பட்ட கஷ்டம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஞாயிறன்று எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்ற தகவல் கடைசிக்கு முந்தைய வரியில் இருக்கிறது. அதில் உள்ள வலி உண்மையானது. ஆனால் அதைப் படிப்பவர் பதில் எழுத வேண்டுமென்றால், பத்து வருட வாழ்க்கைக்கும் சேர்த்துப் பதில் எழுத வேண்டும். யாராலும் அது முடியாது என்பதால் நீல நிற டிக்கோடு நின்றுவிடுகிறது.

பிரிந்த தம்பதியர் பிள்ளைகளுக்காக நண்பர்களாக இருக்க வேண்டும், மனம் விட்டுப் பேச வேண்டும் என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. சிலரால் அது முடிகிறது. அவர்கள் பெரும்பாலும் என்னிடம் வருவதில்லை. வழக்கும் கசப்பும் இந்த அளவுக்கு முற்றியிருக்கும் உங்கள் இருவருக்கும் நான் சொல்வது அதற்கு நேர்மாறானது: பேச்சைக் குறையுங்கள். பேச வேண்டிய சந்தர்ப்பங்களையே குறையுங்கள். நேரம், இடம், விடுமுறை, கட்டணம் ஆகியவை உத்தரவிலோ ஒப்பந்தத்திலோ எழுத்தில் நிலைத்துவிட்டால், ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகப் பேசி முடிவு செய்ய ஒன்றும் இருக்காது. அவர் வீட்டில் அவர் முறைப்படி வளர்க்கட்டும். உங்களிடம் இருக்கும் நேரத்தில் உங்கள் முறை. தூங்கும் நேரம், சாப்பாடு, எவ்வளவு நேரம் தொலைக்காட்சி என்பவற்றில் இரண்டு வீடும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். மருந்து, பள்ளி, பாதுகாப்பு ஆகியவற்றில் மட்டும் தகவல் பரிமாற்றம் இருந்தால் போதும். மனைவியின் ஒத்துழைப்பு இல்லாமலே இதில் பாதிக்கு மேல் நீங்கள் ஒருவரே செய்ய முடியும். அவரை மாற்றக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது, இரண்டு வருடமாகக் காத்திருக்கும் உங்களுக்குச் சிறிய ஆறுதலாகக்கூட இருக்கலாம்.

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நீங்கள், வேறு ஊர்க் கிளையில் இருக்கும் கணக்காளருக்கு எப்படி எழுதுவீர்களோ அப்படி எழுதுங்கள். உதாரணமாக: "வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பிள்ளைகளை அழைக்க வருகிறேன். மாலை 5 மணிக்குள் கொண்டுவந்து விடுகிறேன். தம்பிக்கு மருந்து இருந்தால் பையில் வைத்து அனுப்பவும். மாற்றம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் தெரிவிக்கவும். நன்றி." இதில் குற்றச்சாட்டு இல்லை, கெஞ்சலும் இல்லை, பதில் வராவிட்டாலும் என்ன நடக்கும் என்பது தெளிவாக இருக்கிறது. மாலை 8 மணிக்கு மேல் எதுவும் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 மணிக்கு எழுதியே ஆக வேண்டும் போலிருந்தால் தாளில் எழுதுங்கள். உரிய சான்றிதழோடு வாட்ஸ்அப் செய்திகள் நீதிமன்றத்தில் ஆவணமாக ஏற்கப்படுகின்றன என்பதையும், நீங்கள் எனக்கு இணைத்து அனுப்பியவை ஏற்கெனவே அவருடைய வக்கீலிடமும் இருக்கும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

செல்போனைச் சுவரில் எறிந்ததைப் பற்றி ஒரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள், நான் அப்படிக் கடக்க முடியாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடியை மட்டும் வன்முறையாகக் கருதுவதில்லை. சொல்லாலும் அச்சுறுத்தலாலும் மனத்தை வதைப்பதும் அதில் அடங்கும். அந்த நிகழ்ச்சி வழக்கில் எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் எறிந்த பொருள் சுவரில் பட்டு உடையும் சத்தத்தை உங்கள் மனைவியும், வீட்டில் இருந்திருந்தால் பிள்ளைகளும், உங்களைவிட வேறு விதமாக நினைவில் வைத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல முடியும். அவர் நேரில் பேசாமல் இருப்பதற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். ஒப்படைப்பை மாமனார் வீட்டு வாசலிலிருந்து ஆட்கள் நடமாடும் பொது இடத்துக்கு மாற்றக் கேட்பது அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் பாதுகாப்பு. இந்தப் பதிலைப் படிக்கும் பெண்களில், வீட்டில் அடியோ மிரட்டலோ அனுபவிப்பவர்கள், மேலே நான் சொன்ன சமரசப் பேச்சைத் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. உங்களுக்கு முதலில் தேவை பாதுகாப்பு: 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அதற்கான எண் 15100.

காதுகுத்துக்கு வருகிறேன். உங்கள் அம்மாவின் ஆசையில் தவறு இல்லை. பேரனுக்குக் குலதெய்வத்தின் முன் முடியிறக்கிக் காது குத்திப் பார்க்க விரும்பாத பாட்டி எங்கே இருக்கிறார். ஆனால் உங்களுக்குக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமையில், அவர்களுக்குத் தெரியாமல், வேறு யார் மடியிலாவது உட்காரவைத்துச் செய்துவிட்டு, மாலையில் வீங்கிய காதோடு பையனைக் கொண்டுபோய் விடுவது என்ற யோசனை உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், இன்றே அதை நிறுத்திவிடுங்கள். அடுத்த உத்தரவு "நேரில் கண்காணிப்புடன் மட்டும் சந்திக்கலாம்" என்று மாறுவதற்கு அதுபோன்ற ஒரு நாள் போதும். அதைவிட, தாய்மாமன் மடி என்பது வெறும் சடங்கு இருக்கை அல்ல என்பது 6 வயதுப் பையனுக்கே தெரியும்; மாமா ஏன் வரவில்லை என்று அவன் கேட்பான்.

இருவருக்கும் மரியாதை உள்ள பெரியவர் ஒருவர், பெரியப்பாவோ மனைவியின் பக்கத்துச் சித்தப்பாவோ, இந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துப் போகட்டும். கோயிலில் இரண்டு மணி நேரம்; இரு வீட்டாரும் வரலாம்; தாய்மாமன் மடியில் வைத்துக் குத்துவது; சீர் எதுவும் எதிர்பார்க்கவில்லை என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுவது; வழக்கைப் பற்றி அன்று யாரும் வாய் திறப்பதில்லை. சீர் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். "தாய்மாமன் இல்லாமல் எப்படி" என்ற கேள்விக்குப் பின்னால் பாதி நேரம் செலவைப் பற்றிய கவலைதான் இருக்கிறது. அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் தள்ளிப்போடுங்கள். ஒற்றைப்படை வயதில் செய்வது வழக்கம் என்றால் 7 வயதிலும் செய்யலாம், 9 வயதிலும் செய்யலாம். குலதெய்வம் அங்கேயேதான் இருக்கும். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். கூடவே, பிள்ளைகள் முன் அழுவதையும் "உங்க அம்மா இப்படிப் பண்ணிட்டாளே" என்று சொல்வதையும் நிறுத்தும்படி கேட்க வேண்டியவரும் நீங்கள்தான். பெற்ற தாயிடம் அப்படிச் சொல்வது பல ஆண்களுக்கு வழக்கை நடத்துவதைவிடக் கடினமாக இருக்கிறது.

கடைசியாக, நண்பர் சொன்ன கோச். நல்ல பயிற்றுநரால் உங்களுக்குப் பயன் உண்டு. அனுப்புவதற்கு முன் செய்தியை வாசித்துக் குறைத்துக் கொடுப்பது, சமரசப் பேச்சுக்கு எதைக் கேட்பது எதை விடுவது என்று உங்களோடு உட்கார்ந்து வரிசைப்படுத்துவது, ஒப்படைப்பு வேளையில் கோபம் வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது, மாதச் செலவை இரண்டு வீட்டுக்குமாகக் கணக்கிடுவது ஆகியவை அவர் செய்யக்கூடியவை. சட்ட யோசனை சொல்வதும் மன அழுத்தத்துக்குச் சிகிச்சை அளிப்பதும் அவர் வேலை அல்ல. மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். டைவர்ஸ் கோச் என்ற பெயருக்கு அப்படி உரிமம் கேட்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். ஆகவே என்ன படித்தார், யாரிடம் பயிற்சி பெற்றார், குடும்ப வழக்குகளில் எவ்வளவு காலம் பணி செய்தார் என்று நேராகக் கேளுங்கள். பிள்ளைகள் உங்களுக்கே கிடைப்பார்கள் என்று வாக்குக் கொடுப்பவரையும், ஒருமுறைகூடப் பார்த்திராத உங்கள் மனைவிக்கு மனநோயின் பெயர் ஒன்றைச் சூட்டி உங்களைச் சமாதானப்படுத்துபவரையும் விட்டு விலகுங்கள். மொத்தத் தொகையை முன்பணமாகக் கேட்டால் மறுத்துவிட்டு, ஒவ்வோர் அமர்வுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். மூன்று, நான்கு அமர்வுகளில் உங்கள் செய்திகளின் நீளம் குறையவில்லை என்றால் அவர் உங்களுக்குப் பயன்படவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வக்கீலிடம் நீங்கள் சொல்வதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. சமரச மேசையில் பேசுவதும் இரகசியமாகவே காக்கப்படுகிறது. கோச்சிடம் எழுதி அனுப்பும் எதற்கும் அப்படியொரு பாதுகாப்பு கிடையாது. பெரிய தொகையைச் செலவு செய்வதற்கு முன், குடும்ப நீதிமன்றத்திலேயே இருக்கும் ஆலோசகரை ஒருமுறை கட்டணமின்றிப் பாருங்கள். மனைவியோடு சேர்ந்துதான் போக வேண்டும் என்று எண்ண வேண்டாம். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

தூக்கம் சரியாக இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இரவு 11 மணிச் செய்திகளைப் பார்த்தால் அது சில நாள் தொல்லையாகத் தெரியவில்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பகலில் வேலையில் கவனம் சிதறுகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, வாழ்க்கையே வெறுத்துவிட்டது என்ற எண்ணம் வருகிறது என்றால், கோச்சுக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் முதல் பகுதியை மனநல மருத்துவர் ஒருவரைப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். திருச்சி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அந்தச் செலவும் இல்லாமல் பார்க்கலாம்.